உடையாத கண்ணாடி

எதையும் தொடக்கூடாது என்று கல்லூரியில் முடிவான அன்று, கொத்தனாரின் வாளி வாசிப்பு மண்டபத்தில் கிடந்தது. அவர் செய்த ஒரே தவறு அதுதான். மதியச் சாப்பாட்டுக்குப் போகிறவன் வாளியையும் ஏணியையும் தலையில் தூக்கிக்கொண்டா போவான்? வைத்துவிட்டுப் போனார். திரும்பி வந்து பார்த்தால் வாளியின் காதில் ஒரு பித்தளைத் தகடு தொங்குகிறது. எண் இருநூற்றுப் பன்னிரண்டு. ஏணிக்கு இருநூற்றுப் பதின்மூன்று. ஆணியில் மாட்டியிருந்த அவருடைய துண்டுக்கு இருநூற்றுப் பதினான்கு.

"சார், அது என் துண்டு," என்றார் கொத்தனார்.

"உங்க துண்டுதான். இல்லைன்னு யார் சொன்னா?" என்றார் குழுவின் செயலாளர். "ஆனா இனிமே தொடக்கூடாது."

"முகம் துடைக்கணுமே."

"வேற துண்டு வாங்கிக்குங்க. வாங்கினதை உள்ளே கொண்டு வராதீங்க."

பெரிய படிப்பு படித்தவர்களுக்கு ஒரு காரியத்தைக் கெடுக்க வேண்டுமென்றால் முதலில் அதற்கு ஒரு குழு போடுவார்கள். அந்தக் கல்லூரி நூற்றைம்பது வருடமாக நின்றுகொண்டிருந்தது. மழை பெய்தால் ஒழுகும். கொத்தனார் ஏறி அடைப்பார். காரை உதிரும், சுண்ணாம்பைக் குழைத்துப் பூசுவார். அவருக்கு முன்னால் வேறு யாரோ பூசினார்கள். இப்படிப் பூசிப் பூசித்தான் அது நின்றது. இது யாருக்கும் தெரியவில்லை. கட்டடம் தன் சொந்த கௌரவத்தில் நிற்கிறது என்று நினைத்துக்கொண்டார்கள். அதனால் பாரம்பரியப் பாதுகாப்புக் குழு என்று ஒன்றைப் போட்டார்கள். அதற்கு ஐந்து பேர். ஐந்து பேருக்கும் சேர்த்து ஒரே ஒரு சட்டம்: அளந்த நாளின் நிலையே நிலை. அளந்த அன்று எது எங்கே எப்படி இருந்ததோ அது அங்கே அப்படியே இருக்க வேண்டும்.

மண்டபத்துச் சுவரில் இருந்த குளவிக்கூட்டுக்கும் எண் போட்டார்கள். குளவி மட்டும் எண் வாங்காமல் பறந்துவிட்டது.

மாணவர்களை உள்ளே விடுவதில்லை. அவர்கள் மூச்சு விடுவதால் சுவரில் ஈரம் ஏறுகிறதாம். புத்தகத்தை எடுத்துக் கொடுப்பதில்லை. அலமாரியில் சந்து விழுந்து அழகு கெடுகிறதாம். மற்றவர்கள் உள்ளே போவதென்றால் வாசலில் உட்கார்ந்து இரண்டு காலிலும் துணி உறை கட்டி, கயிற்றை மூன்று சுற்றுச் சுற்றி, முடிச்சை இடப்பக்கம் போட்டு, நோட்டில் நேரம் எழுதிவிட்டுத்தான் போக வேண்டும்.

இந்த மண்டபத்தில், யாருக்கும் கொடுக்காத புத்தகங்களைக் கொடுப்பதற்காக ஒரு மேஜைக்குப் பின்னால் உட்கார்ந்திருந்தவள் கொத்தனாரின் மகள். ஒன்பது வருடமாகத் தற்காலிக வேலை. நிரந்தர ஆணை இந்த வருடம் வந்துவிடும் என்றிருந்தார்கள். ஒரு நாள் இருக்கை காலியாக இருந்தாலும் ஒன்பது வருடமும் போய்விடும். அவள் காய்ச்சலோடுகூட வந்து உட்கார்ந்தவள்.

அவள் தலைக்கு மேலேதான் விரிசல்.

மூன்றாவது தூணின் தலையில் கிளம்பி, செங்கல் வளைவின் மேல் ஏறி, கூரையின் உச்சியை நோக்கிப் போயிற்று அது. கொத்தனார் கீழே நின்று அரைமணி நேரம் பார்த்தார். அவர் மூன்றாம் வகுப்பு வரைக்கும்தான் படித்தவர். ஆனால் விரிசலைப் படிப்பார். பழைய விரிசல் என்றால் உதடு மழுங்கியிருக்கும், உள்ளே தூசி அடைந்திருக்கும், சிலந்தி குடும்பம் நடத்தியிருக்கும். இதன் உதடு கூராக இருந்தது. உள்ளே காரை வெள்ளை வெளேரென்று இருந்தது. நேற்றுத் திறந்த வாய்.

காரணமும் அவருக்குத் தெரிந்தது. மண்டபத்துக்கு மேலே ஒரு சின்ன அறை. நாலு பேர் நின்று காற்று வாங்கட்டும் என்று எவனோ ஒரு நல்ல மனுஷன் கட்டிய அறை. குழு தன் அலுவலகத்தை அங்கே வைத்திருந்தது. கல்லூரியில் உள்ள ஒவ்வொரு பொருளுக்கும் ஒரு கோப்பு. ஒவ்வொரு கோப்புக்கும் மூன்று பிரதி. அத்தனையையும் வைக்கப் பதினோரு இரும்பு பீரோ. பதினொன்றும் வளைவின் உச்சிமேல் வரிசையாக நின்றன.

கொத்தனார் மாடிக்குப் போய்க் குழுத் தலைவரைப் பார்த்தார். தலைவர் ஓய்வுபெற்ற பேராசிரியர். எதைச் சொன்னாலும் எதிரே நூறு பேர் உட்கார்ந்திருப்பதுபோலச் சொல்லுவார்.

"ஐயா, கீழே வளைவு விட்டிருக்கு. இந்த பீரோவையெல்லாம் கீழே இறக்கிட்டு, நாலு முட்டு கொடுத்தா நான் ஒரு மாசத்துல சரி பண்ணிடுவேன்."

"அந்த விரிசலுக்கு எண் கொடுத்தாகிவிட்டது, பெரியவரே. முந்நூற்று ஏழு. அளந்த அன்று அது இருந்தது."

"அன்னைக்கு மயிர் மாதிரி இருந்துச்சுங்க. இன்னைக்கு என் நகம் போகும்."

"விரிசல் என்பது காலத்தின் கையெழுத்து. கையெழுத்தை அழிக்கச் சொல்கிறீர்களா?"

காலம் எதற்கு வந்து கையெழுத்துப் போடுகிறது, அதன் கீழே தன் மகள் ஏன் உட்கார வேண்டும் என்று யோசித்துக்கொண்டே கொத்தனார் இறங்கி வந்தார்.

வாயால் சொன்னால் ஆகாது, கண்ணால் காட்ட வேண்டும் என்று தீர்மானித்தார். அவர் தொழிலில் அதற்கு ஒரு வழி உண்டு. ஜன்னல் கண்ணாடியில் விரல் அகலத்துக்கு ஒரு பட்டை அறுத்து, விரிசலின் குறுக்கே வைத்து, இரண்டு பக்கமும் காரை வைத்து ஒட்டிவிட வேண்டும். பக்கத்தில் பென்சிலால் தேதி. சுவர் சும்மா இருந்தால் கண்ணாடியும் சும்மா இருக்கும். சுவர் அசைந்தால் கண்ணாடி உடையும். உடைவதற்கென்றே வைக்கிற கண்ணாடி.

ஏணியைத் தொடக்கூடாது. மகளின் நாற்காலிமேல் ஏறினார். நாற்காலிக்கு எண் இல்லை. படம் எடுத்தபோது அவள் அதன்மேல் உட்கார்ந்திருந்ததால் குழுவின் கண்ணில் அது படவில்லை. தூணின் தலை எட்டியது. ஒட்டிவிட்டு இறங்கினார்.

"இது என்னப்பா, விரிசலுக்குப் பொட்டு வச்சிருக்க?" என்றாள் மகள்.

"சிரி சிரி. தினமும் வந்ததும் முதல்ல இதைப் பாரு. அப்புறம் உக்காரு."

"உடைஞ்சா?"

"உடைஞ்சா எனக்குச் சொல்லு."

பத்தொன்பதாவது நாள் உடைந்தது. நடுவில் சுத்தமாக, கத்தியால் வெட்டினதுபோல. கொத்தனார் ஓடிப்போய்க் குழுவை அழைத்துவந்தார். ஐந்து பேரும் துணி உறை கட்டிக்கொண்டு வந்து அண்ணாந்து பார்த்தார்கள். தலைவரின் முகம் மாறிற்று. அப்பாடா, இப்போதாவது புரிந்தது என்று நினைத்தார் கொத்தனார்.

"யார் உடைத்தது?" என்றார் தலைவர்.

நடந்தது என்னவென்றால், ஒட்டிய மூன்றாம் நாளே குழு மறுபடி அளக்க வந்திருக்கிறது. பழைய பட்டியலில் இல்லாத கண்ணாடியைப் பார்த்து, விட்டுப்போன பொருள் என்று எழுதிச் சேர்த்திருக்கிறது. எண் நானூற்று ஒன்பது: சுவரோடு ஒட்டிய பழங்காலக் கண்ணாடி அலங்காரம், நிலை நன்று.

விசாரணை மாடி அறையில் நடந்தது. பீரோக்களுக்கு நடுவே கொத்தனாரை நிற்க வைத்தார்கள்.

"கண்ணாடி தானாக உடையாது," என்றார் தலைவர்.

"தானா உடையறதுக்குத்தாங்க ஐயா நான் வச்சேன்."

செயலாளர் பேனாவை எடுத்தார். "உடைக்கிற நோக்கத்தோட வச்சதா ஒத்துக்கிட்டார். எழுதியாச்சு."

"அதுல என் கையால தேதி போட்டிருக்கேன், பாருங்க சார். போன மாசத் தேதி. அது எப்படிப் பழங்காலம் ஆகும்?"

"பட்டியலில் ஏறிவிட்டால் பழங்காலம்தான்," என்றார் தலைவர். "ஒரு பொருள் எப்போது பிறந்தது என்பது முக்கியமில்லை, பெரியவரே. நாம் அதை எப்போது மதித்தோம் என்பதுதான் முக்கியம். இந்த மண்டபத்தில் நாங்கள் மதிக்காதது எதுவுமே இல்லை."

"உள்ள உக்காந்திருக்கிற மனுஷங்க, ஐயா?"

தலைவர் செயலாளரைப் பார்த்தார். செயலாளர் பட்டியலைப் புரட்டினார். "மனுஷங்க இல்லை சார். படம் எடுக்கும்போது ஓரமா நகரச் சொல்லியும் அந்தப் பொண்ணு நகரலை. அதனால படத்துல அவளை மறைச்சிட்டோம்."

இதையும் எழுதிக்கொண்டார்கள். அந்தக் கோப்புக்கும் மூன்று பிரதி. பீரோவில் வைத்துப் பூட்டினார்கள்.

பிறகு குழு செலவைப் பாராமல் வெளியூரிலிருந்து ஒரு கண்ணாடியை வரவழைத்தது. சுத்தியலால் அடித்தாலும் உடையாத ஜாதி. அதே அகலத்தில் அறுத்து, அதே இடத்தில் ஒட்டினார்கள். இருபது நாள் கழித்துத் தலைவர் மாணவர்களைத் திடலில் நிறுத்திப் பேசினார். "இருபது நாட்களாகக் கண்ணாடி உடையவில்லை. ஆகவே விரிசல் நின்றுவிட்டது. இது பாதுகாப்பின் வெற்றி." கை தட்டினார்கள். கொத்தனார் கை தட்டவில்லை. அவர் காலையில் போய்ப் பார்த்திருந்தார். கண்ணாடி உடையவில்லைதான். காரை ஒரு பக்கம் பிய்ந்து, கண்ணாடி ஒற்றைக் காலில் தொங்கிக்கொண்டிருந்தது. விரிசலில் இப்போது நகம் இல்லை, விரலே போயிற்று.

அந்த வாரம் மகள் வீட்டுக்கு வந்து தலையைச் சீவியபோது சீப்பிலிருந்து மணல் கொட்டியது. செங்கல் நிறத்தில் பொடி மணல். அவள் அம்மா திட்டினாள்.

"எங்கடி போய்ப் புரண்டுட்டு வர்ற?"

"எங்கயும் போகலம்மா. ஒரே இடத்துலதான் உக்காந்திருந்தேன்."

கொத்தனார் சீப்பை வாங்கி மணலை உள்ளங்கையில் தட்டிப் பார்த்தார். சாப்பாடு இறங்கவில்லை.

மறுநாள் மேஜையை நகர்த்த வேண்டுமென்று ஒரு மனு. மேஜைக்கு எண் நாற்பத்தொன்று, நகர்த்த இயலாது என்று பதில். மேஜை இருக்கட்டும், மகளையாவது நகர்த்துங்கள் என்று இன்னொரு மனு. ஆள் இல்லாத மேஜை அளந்த நாளின் நிலைக்கு மாறானது என்று பதில். முட்டுக் கொடுக்க ஒரு மனு. பழைய படங்களில் முட்டு இல்லை என்று பதில். ஒவ்வொரு மனுவும் மூன்று பிரதியாகி பீரோவுக்குள் போயிற்று. தன் கையாலேயே மகள் தலைமேல் பாரம் ஏற்றுகிறோம் என்று தெரிந்ததும் கொத்தனார் மனு எழுதுவதை நிறுத்தினார்.

அவர் பொய் சொல்லிப் பழக்கமில்லாதவர். தூக்குக்குண்டு வைத்து வேலை பார்க்கிறவனுக்குக் கோணல் வராது. ஆனால் அன்று தலைவர் மண்டபத்துக்கு வந்தபோது கொத்தனார் வாசலில் நின்றபடி, பக்கத்தில் இருந்த தோட்டக்காரரிடம் சொல்லுகிற மாதிரி சத்தமாகச் சொன்னார்.

"அந்த மூணாம் தூண் பக்கத்துல மேஜை போட்டிருக்கக் கூடாதுப்பா. காலேஜைக் கட்டின பெரிய மனுஷன் அங்கேதான் நாற்காலி போட்டு உக்காருவாராம். எங்க தாத்தா பாத்திருக்காரு."

தலைவர் அப்படியே நின்றார். காலில் ஒரு உறைதான் கட்டியிருந்தார்.

"சரியாக எந்த இடம்?"

"விரிசலுக்கு நேர் கீழங்க ஐயா."

பத்து முறை உண்மை சொல்லி நகராத மேஜை, ஒரு பொய்க்கு ஒரு மணி நேரத்தில் நகர்ந்தது. மகளை வாசலுக்குப் பக்கத்தில், கெட்டியான சின்ன வளைவின் கீழே உட்கார வைத்து, துணி உறை கொடுக்கிற வேலையும் தந்தார்கள். விரிசலின் கீழே பெரிய நாற்காலி ஒன்று வந்தது. பட்டியலின் ஆயிரமாவது எண் அதற்குத்தான் என்றும், பாதுகாப்பு நிறைவு விழாவன்று தலைவரே அதில் அமர்ந்து உரையாற்றுவார் என்றும் அறிவிப்பு ஒட்டினார்கள்.

கொத்தனார் அன்று வயிறாரச் சாப்பிட்டார். அடுத்த நாள் காலையில் அந்த நாற்காலியையும் அதற்கு மேலே இருந்த விரிசலையும் மாறி மாறிப் பார்த்தார். தலைவர் முட்டாள்தான். முட்டாள் என்பதற்காக ஒரு மனுஷன் தலையில் கூரையைப் போடலாமா?

மாடிக்குப் போனார். "ஐயா, நான் சொன்னது பொய்ங்க. எங்க தாத்தா இந்த ஊர்ப்பக்கமே வந்ததில்லை. அவர் மாடு மேய்ச்சவர். என் பொண்ணு அங்க உக்காரக் கூடாதுன்னு சொன்னேன். நீங்களும் உக்காராதீங்க."

தலைவர் புன்னகை செய்தார். "நீங்கள் சொன்னது வாய்மொழி வரலாறு, பெரியவரே. சொல்லும்வரை அது உங்களுடையது. பதிவானபின் கல்லூரியுடையது. அதை மறுக்க உங்களுக்கு உரிமை கிடையாது."

"நான்தானேங்க சொன்னேன்."

"முதலில் சொன்னபோது உங்களிடம் எந்த உள்நோக்கமும் இல்லை. இப்போது இருக்கிறது," என்றார் தலைவர். "எதை நம்புவது என்று எங்களுக்குத் தெரியும்."

விழா அன்று காலையில் கூலியாட்கள் இரண்டு புது பீரோக்களை மாடிக்கு ஏற்றிக்கொண்டிருந்தார்கள். நிறைவுப் பட்டியலை வைப்பதற்காம். படியில் நின்று கொத்தனார் எண்ணினார். பன்னிரண்டு. பதின்மூன்று. நேராக மண்டப வாசலுக்கு வந்தார்.

உள்ளே தலைவர் பெரிய நாற்காலியில் உட்கார்ந்து பேசிக்கொண்டிருந்தார். மற்ற நாலு பேரும் எதிரே. தலைவரின் தோளில் செங்கல் பொடி மெல்லிய கோடாக இறங்கிக்கொண்டிருந்தது. அவர் அதைத் தட்டிவிட்டுக்கொண்டே பேசினார். டிங் என்று ஒரு சத்தம். உடையாத கண்ணாடி முழுசாகத் தரையில் விழுந்து கிடந்தது.

"பாருங்கள், இப்போதும் உடையவில்லை," என்றார் தலைவர். நாலு பேரும் கை தட்டினார்கள்.

கொத்தனார் மகளின் கையைப் பிடித்து வெளியே இழுத்தார். "போய் மரத்தடியில நில்லு."

"இருக்கை காலியாயிடும்ப்பா."

"அப்புறம் வந்து உக்காந்துக்கலாம். போ."

அவள் அவர் முகத்தைப் பார்த்தாள். போய்விட்டாள். கொத்தனார் உள்ளே எட்டிப் பார்த்து, "டீ வந்தாச்சுங்க," என்றார்.

டீயும் வரவில்லை ஒன்றும் வரவில்லை. அவர் வாழ்க்கையின் இரண்டாவது பொய் அது. இதையும் உடனே நம்பினார்கள். மண்டபத்துக்குள் டீ கொண்டுபோகக் கூடாது என்று விதி. நாலு பேரும் எழுந்து வெளியே வந்தார்கள். செயலாளர் மட்டும் வாசற்படியில் நின்று, உரை முடியாததால், நோட்டில் எழுதிக்கொண்டிருந்தார். தலைவர் எழுந்திருக்கவில்லை. காலியான பெஞ்சுகளைப் பார்த்து "எதிர்காலத் தலைமுறையே" என்று தொடங்கினார்.

மேலே பீரோ ஒன்று நகர்கிற சத்தம் கேட்டது. அது நகரவில்லை, தரைதான் அதன் கீழே நகர்ந்தது. கொத்தனாருக்கு அந்த வித்தியாசம் தெரியும். மாடிப் பக்கம் திரும்பி, "எல்லாரும் கீழே இறங்குங்கப்பா," என்று தொண்டை கிழியக் கத்தினார். கூலியாட்கள் கூலிக்காரன் சொன்னதைக் கேட்டார்கள். போட்டது போட்டபடி இறங்கி ஓடினார்கள்.

அவர் மண்டபத்துக்குள் ஓடினார். தலைவர் உரையை நிறுத்தி அவருடைய காலைப் பார்த்தார்.

"உறை எங்கே? செயலாளரே, நேரத்தை எழுதுங்கள்."

"பதினொண்ணு நாப்பது," என்றார் செயலாளர் வாசலிலிருந்து.

கொத்தனார் தலைவரின் சட்டைக் காலரைப் பிடித்தார். சிமெண்டு மூட்டையை இழுக்கிற மாதிரி இழுத்தார். தலைவர் நாற்காலியை விடவில்லை. நாற்காலியும் சேர்ந்து வந்தது. வாசற்படி தாண்டி, மரத்தடி வரைக்கும் அவர் விதிகளைச் சொல்லிக்கொண்டே வந்தார்.

கூரை பதினொன்று நாற்பத்திரண்டுக்கு விழுந்தது. பதின்மூன்று பீரோவும் அதன் பின்னாலேயே வந்தன. ஒருவருக்கும் கீறல் இல்லை.

அடுத்த வாரம் கொத்தனாருக்கு நோட்டீஸ் வந்தது. மகள் படித்துக் காட்டினாள். பதினொன்று நாற்பதுக்குத் துணி உறை அணியாமல் மண்டபத்தில் நுழைந்தது. எண் ஆயிரமான நாற்காலியை இடம்பெயர்த்தது. இல்லாத டீயை இருப்பதாகச் சொல்லிக் குழுவைத் தவறாக வழிநடத்தியது. வேலை நீக்கம். வளாகத்துக்குள் நுழையத் தடை.

"நாப்பத்திரண்டுக்கு என்ன ஆச்சுன்னு எழுதலையா?"

அவள் தாளைத் திருப்பிப் பார்த்தாள். "இல்லப்பா."

குழு கூடி, விழுந்த இடத்தைச் சுற்றிக் கயிறு கட்டியது. விழுந்த நாளின் நிலையே இனி நிலை என்று சட்டத்தில் ஒரு வரி சேர்த்தது. ஒவ்வொரு செங்கலுக்கும் எண். அத்தனைக்கும் கோப்பு. நசுங்கிய பீரோக்களை நிமிர்த்தி, இன்னும் ஏழு சேர்த்து, மண்டபத்தின் நிற்கிற பாதிக்கு மேலே இருந்த இன்னொரு அறைக்கு மாற்றினார்கள். குவியலை யாரும் தொடாமல் பார்த்துக்கொள்ள ஆள் வேண்டும். நாற்பத்தொன்றாம் எண் மேஜை வாசலிலிருந்து உள்ளே போயிற்று. கூடவே மகளும் போனாள்.

"விட்டுடு," என்றார் கொத்தனார். "அந்த வேலையே வேண்டாம்."

"உனக்கும் வேலை இல்ல. நானும் விட்டுட்டா என்னப்பா பண்றது? ரெண்டு மாசம். ஆணை வந்துடும்னு செயலாளரே சொன்னாரு." சாப்பாட்டு அடுக்கைக் கழுவியபடி மேலும் சொன்னாள். "இடம் நல்லா இருக்கு. கூரை இல்லாத பக்கத்துல இருந்து காத்து வருது. மேலதான் ஒரு கோடு தெரியுது. மயிர் மாதிரி."

கொத்தனார் எழுந்து கொல்லைப்பக்கம் போனார். பழைய ஜன்னலிலிருந்து ஒரு கண்ணாடியை எடுத்து, விரல் அகலத்துக்குப் பட்டை அறுத்தார். பொட்டலமாகக் கொஞ்சம் காரைப்பொடி கட்டினார். அவளுடைய சாப்பாட்டு அடுக்கின் அடித்தட்டைத் துடைத்து இரண்டையும் அதில் வைத்தார். மேல் தட்டில் சோறு.

"நாற்காலிமேல ஏறி நீயே ஒட்டு. நான் ஒட்டினதைப் பாத்திருக்கல்ல? ஒரு நாள் காய விடு."

"சரிப்பா. உடைஞ்சா உனக்கு வந்து சொல்றேன்."

"சொல்ல வேண்டாம்," என்றார் கொத்தனார். "எனக்கும் சொல்ல வேண்டாம், அவங்களுக்கும் சொல்ல வேண்டாம். பையைக்கூட எடுக்காத. எந்திரிச்சு வந்துடு."